நீரிழிவு நோயாளியின் மருந்துச்சீட்டு

இலக்கியம் பயில்வோர் ஓலைச்சுவடியைப் படிக்கின்றனர், கல்வெட்டைப் படிக்கின்றனர், நூறாண்டுப் பழமையான கடிதம் ஒன்று கிடைத்தால் அதன் மடிப்பில் மங்கிக் கிடக்கும் எழுத்தையும் கூர்ந்து நோக்கிப் பொருள் காண்கின்றனர். ஆனால் திங்கள்தோறும் நம் வீட்டுக்குள் வந்து சேர்கின்ற ஒரு சிறு தாளைப் படிப்பார் அரியர். மருத்துவமனையில் எழுதித் தரப்படும் மருந்துச்சீட்டே அது. மருத்துவர் எழுதுகிறார், மருந்தாளுநர் பார்க்கிறார், நோயாளி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். அத்துடன் அதன் வாழ்வு முடிந்துவிடுகிறது.

அச்சீட்டுகளை நூற்றுக்கணக்கில் திரட்டி அடுக்கி வைத்துப் படிப்பதற்கென்றே மருத்துவ உலகில் ஒரு துறை உண்டு. எந்த நோய்க்கு எந்த மருந்து, எத்தனை பேருக்கு, எந்த அளவில், எந்தப் பெயரால் எழுதப்படுகிறது என்று கணக்கெடுப்பது அதன் வேலை. மருந்துப் பயன்பாட்டாய்வு என்று தமிழில் வழங்கலாம். நீரிழிவுக்காக உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி இத்தகைய ஆய்வுகள் நம் நாட்டு மருத்துவமனைகளில் பல நடந்துள்ளன. காரணம் வெளிப்படை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, நீரிழிவு உடையோர் இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேர் எனக் கணித்தது. மாத்திரை அட்டை இல்லாத வீட்டை நம் தெருவிலேயே தேடித்தான் காண வேண்டும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். நோயின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'இழிதல்' என்பதற்கு இறங்குதல், வழிதல் என்று பொருள். நீர் ஓயாது இறங்குவதைக் கண்டு நம் முன்னோர் நீரிழிவு என்றனர். இறங்கும் நீரில் இருப்பது என்ன என்று கண்ட பிற்காலம் சர்க்கரை நோய் என்றது. பெயரில் பொருள் பொதிந்திருக்கிறது. மாத்திரைகளின் பெயரிலும் அவ்வாறே பொதிந்திருக்கிறது. அதனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

மாத்திரைகள் வந்த வழி

நீரிழிவு பெரும்பான்மையும் இரு வகைப்படும். முதல் வகையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை எனலாம். அவர்களுக்கு ஊசிமருந்தே உயிர். நம்மிடையே மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் சுரக்கும். ஆனால் போதாது, அல்லது உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. மாத்திரைகள் இவ்வகையினருக்கே உரியன.

இம்மாத்திரைகளுள் ஓரினம் ஒரு விபத்திற் பிறந்தது. 1942ஆம் ஆண்டு, உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்னும் மருத்துவர் டைஃபாய்டு நோயாளிகளுக்குச் சல்ஃபா வகையைச் சேர்ந்த புதிய மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு வலிப்புக் கண்டது. சிலர் இறந்தும் போயினர். குருதியில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோனதே காரணம் என்று தெரியவந்தது. அந்நகரிலேயே ஓகுஸ்த் லூபத்தியேர் என்னும் அறிஞர் இதனை நாய்களிடம் சோதித்தார். கணையம் உள்ள நாய்க்குச் சர்க்கரை குறைந்தது. கணையம் நீக்கப்பட்ட நாய்க்குக் குறையவில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியேற்றுவதே அம்மருந்தின் தொழில் என்பது புலனாயிற்று. அவ்வழியில் வந்தவையே டோல்பியூட்டமைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்லசைடு, கிளிமிபிரைடு முதலான சல்ஃபோனைல்யூரியா மருந்துகள். சர்க்கரையைக் குறைப்பதில் வல்லவை, விலையும் குறைவு. ஆனால் பிறந்த அன்று உடன்பிறந்த அந்த ஆபத்து, அதாவது தாழ்சர்க்கரை, இன்றும் அவற்றை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரையில் நாம் மறவாது கொண்டுசெல்ல வேண்டிய செய்தி இது.

மெட்ஃபார்மினின் கதை வேறு. ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வழங்கிய கலேகா என்னும் செடியிலுள்ள குவானிடின் சார்ந்த பொருள்களே அதற்கு மூலம். 1922இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட மெட்ஃபார்மின், நெடுநாள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதனை நீரிழிவுக்குக் கொடுத்துப் பயன் கண்டு எழுதினார். அது கணையத்தைத் தூண்டுவதில்லை. முதன்மையாகக் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே தனித்து உட்கொண்டால் தாழ்சர்க்கரை நேர்வது அரிது. அதன் உறவினரான ஃபென்ஃபார்மின் குருதியில் லாக்டிக் அமிலத்தை மிகுவித்து உயிர்களைப் பறித்ததால், 1977இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2003இல்தான். உறவினரின் பழி மெட்ஃபார்மின்மீதும் படிந்தது. அமெரிக்கா அதனை ஏற்க 1994ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருந்தது. பின்னர் 1998இல் பிரிட்டனின் இருபதாண்டு நீரிழிவு ஆய்வு வெளிவந்தது. உடற்பருமனுள்ள நோயாளிகளிடையே மெட்ஃபார்மின் உட்கொண்டோரின் இறப்பு 36 விழுக்காடு குறைந்திருந்தது. அன்றுமுதல் மருந்துச்சீட்டின் முதல் வரி பெரும்பாலும் அதற்கே உரியதாயிற்று.

பிற மாத்திரைகளை விரைந்து சொல்லிவிடலாம். அக்கார்போசும் வோக்லிபோசும் மாப்பொருள் செரிப்பதைத் தாமதப்படுத்துவன. வயிற்றில் வாயு மிகும். பயோகிளிட்டசோனை இந்திய அரசு 2013 ஜூனில் நிறுத்திவைத்து, அடுத்த திங்களிலேயே எச்சரிக்கைக் குறிப்போடு மீண்டும் அனுமதித்தது. அதன் உடன்பிறப்பான ரோசிகிளிட்டசோன் 2010இல் விலக்கப்பட்டது விலக்கப்பட்டதே. 2006ஆம் ஆண்டு சிட்டாகிளிப்டினும், அதன்பின் அவ்வினத்தைச் சேர்ந்த பிறவும் வந்தன. அவற்றின்பின் வந்தவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலியன. 2015இல் எம்பாகிளிஃப்ளோசின் பற்றி வெளியான ஆய்வு, இதயநோயும் உடைய நீரிழிவாளரிடையே இதயக் காரணத்தால் நேரும் இறப்பு 38 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியபோது மருத்துவ உலகின் நோக்கே மாறிற்று. சர்க்கரை எண் எவ்வளவு இறங்கிற்று என்ற கேள்வியோடு, இதயமும் சிறுநீரகமும் காக்கப்பட்டனவா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

பகுதியும் விகுதியும்

இலக்கணம் பயின்ற மாணவர்க்கு மருந்துப் பெயர்கள் ஓர் இன்பம் தரக்கூடும். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின் ஆகிய மூன்றிலும் 'கிளிப்டின்' என்பது விகுதிபோல் நின்று இனத்தைக் காட்டுகிறது. 'கிளிஃப்ளோசின்' என்று முடிவன எல்லாம் சிறுநீர் வழிச் சர்க்கரையை நீக்குவன. சல்ஃபோனைல்யூரியா இனத்தில் இன்று வழங்குவனவோ முன்னொட்டால் அறியப்படும். கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்லசைடு, கிளிமிபிரைடு எனக் 'கிளி' முன்னே நிற்கக் காணலாம். எந்தக் கும்பெனி செய்தாலும் இப்பொதுப்பெயர் மாறாது.

மாறுவது வணிகப்பெயர். ஒரே கிளிமிபிரைடு நம் நாட்டில் எண்ணற்ற வணிகப்பெயர்களில் விற்கப்படுகிறது. அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த வணிகப்பெயர்; பொதுப்பெயரோ கண்ணாடியின்றிப் படிக்கவியலாத சிறு எழுத்தில் ஒதுங்கி நிற்கிறது. மருத்துவர்கள் பொதுப்பெயரால், தெளிவான எழுத்தில், எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழு 2016இல் விதியைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதனை மேலும் இறுக்கிப் புதிய விதி கொணர்ந்து, அதே திங்களில் அதனை நிறுத்தியும் வைத்தது. வணிகப்பெயரால் எழுதும் மருத்துவர்கள் அனைவரும் ஆதாயம் கருதியே எழுதுகின்றனர் என்று நாம் கூறமாட்டோம். தரத்தில் ஐயம் கொண்டு, தமக்குப் பழகிய பெயரையே நம்பி எழுதுவோர் பலர். ஆயினும் விளைவு நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

சீட்டுகள் காட்டுவன

உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் மருந்துச்சீட்டை அளப்பதற்குச் சில அளவுகோல்களை வகுத்துத் தந்தது. ஒரு சீட்டில் சராசரியாக எத்தனை மருந்துகள், அவற்றுள் பொதுப்பெயரால் எழுதப்பட்டவை எத்தனை விழுக்காடு, இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவை எத்தனை என்பன அவற்றுட் சில. மருந்தியல் மாணவர்கள் ஒரு மருத்துவமனையில் சில திங்கள் அமர்ந்து, நோயாளிக் கோப்புகளைப் புரட்டி, வயது, நோய்க்காலம், மருந்து, அளவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு இவ்வளவுகோல்களால் அளக்கின்றனர். மிக எளிய வேலைபோல் தோன்றும். ஆனால் மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

நாம் படித்த இந்திய ஆய்வுகளில் ஒரே சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. மெட்ஃபார்மின் முதலிடம் வகிக்கிறது. அதனுடன் சேர்த்து எழுதப்படுவது பெரும்பாலும் கிளிமிபிரைடு. அதுவும் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த கூட்டு மாத்திரையாக. நீரிழிவாளரின் சீட்டு நீரிழிவோடு நிற்பதுமில்லை. குருதியழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று எனச் சீட்டு நீள்கிறது. கிளிப்டின் இனத்தின் பங்கு அண்மைக் காலத்தில் ஏறிவருகிறது.

ஏன் ஏறிற்று என்று வினவினால் மருத்துவ நூலில் மட்டும் விடை கிடைக்காது. 2015இல் டெனலிகிளிப்டின் குறைந்த விலையில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2019 இறுதியில் வில்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்தது. 2020இல் டபாகிளிஃப்ளோசினுக்கும், 2022இல் சிட்டாகிளிப்டினுக்கும், 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் முடிந்தது. ஒவ்வொரு முறையும் பல கும்பெனிகள் ஒருங்கே களத்தில் இறங்க, விலை சரிந்தது; சீட்டும் மாறிற்று. அரசு மருத்துவமனையிலோ சீட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிடங்கின் இருப்பு. 1994இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரால் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பட்டியலில் உள்ளதே எழுதப்படும். பட்டியலில் பழைய, மலிவான மருந்துகளே முன்நிற்கும்.

மலிவான மருந்தை எழுதுவது குற்றமன்று. விலையுயர்ந்த மருந்தை எழுதி, நோயாளி அதனைப் பத்து நாளைக்கு மட்டும் வாங்கி நிறுத்திவிட்டால் யாருக்கு என்ன பயன்? மெட்ஃபார்மினோடு ஒரு சல்ஃபோனைல்யூரியாவைச் சேர்த்து இலட்சக்கணக்கானோர் நலமாகவே உள்ளனர். கேள்வி, யாருக்கு எழுதப்படுகிறது என்பதில்தான் உள்ளது. கிளிபென்கிளமைடு உடலில் சிதைந்த பின்னும் அதன் எச்சங்கள் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றலுடையவை. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அவை வெளியேறாது தேங்கிவிடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் தன் 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் கிளிக்லசைடைக் குறிப்பிட்டு, 60 வயதைக் கடந்தோர்க்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதன்று என அடிக்குறிப்பும் இட்டது. மெட்ஃபார்மினுக்கும் எல்லை உண்டு. சிறுநீரகத்தின் வடிதிறன் 30க்குக் கீழே இறங்கினால் அதனைக் கொடுத்தலாகாது. பல்லாண்டு உட்கொள்வோர்க்கு பி12 உயிர்ச்சத்துக் குறையவும் கூடும். சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறது. அந்நோயாளியின் கிரியாட்டினின் எண்ணைச் சீட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே

உள்நோயாளியாகச் சேர்ந்தவுடன் வீட்டு மாத்திரைகள் பலவும் நிறுத்தப்படுவது வழக்கம். காய்ச்சலும் சீழும் அறுவையும் சர்க்கரையை ஏற்றும். உணவோ ஒழுங்காக இராது. எனவே இன்சுலின் ஊசிக்கு மாற்றி, பெரும்பாலோர்க்குச் சர்க்கரையை 140 முதல் 180 வரை வைத்துக்கொள்ள முயல்வர். கிளிஃப்ளோசின் இன மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துதல் வேண்டும்; இல்லையேல் குருதியில் அமிலம் மிகும் ஆபத்து உண்டு. இவையெல்லாம் மருத்துவமனைக்குள் பெரும்பாலும் முறையாகவே நடக்கின்றன. இடர் தொடங்குவது வீட்டுக்கு அனுப்பும் நாளில்.

நமக்கு நன்கு தெரிந்த பெரியவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், காற்புண்ணுக்காக ஒரு மருத்துவமனையில் பத்து நாள் இருந்து திரும்பினார். எந்த மருத்துவமனை என்பது இங்கு வேண்டா. புதிய சீட்டில் ஒரு கூட்டு மாத்திரை இருந்தது. வீட்டு அலமாரியிலோ முன்பு வேறு மருத்துவர் எழுதிய மாத்திரை இரண்டு அட்டை மீதம் இருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, கும்பெனி வேறு. இரண்டு மருத்துவர் எழுதியவை, இரண்டும் வேண்டும் என்று கருதி இரண்டையும் உட்கொண்டார். நான்காம் நாள் வைகறைத் தொழுகைக்கு எழாத அவரை வீட்டம்மா எழுப்பச் சென்றபோது, படுக்கை வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சுக் குழறிற்று. சர்க்கரை நீர் கொடுத்தவுடன் கண் விழித்தார். தேறிவிட்டார் என்று எல்லாரும் ஆறுதல் அடைந்தனர். இரண்டு மணி நேரத்தில் மீண்டும் அதே நிலை. பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். ஒருநாள் முழுதும் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. சல்ஃபோனைல்யூரியாவால் வரும் தாழ்சர்க்கரை ஒருமுறை சர்க்கரை கொடுத்தால் தீர்ந்துவிடுவதன்று. மருந்து உடலில் உள்ளவரை அது திரும்பத் திரும்ப வரும் என்பதை அன்றுதான் நாம் நேரில் அறிந்தோம்.

இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். சிறு எழுத்தில் இருந்தவை அவையே: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின். இரண்டு சீட்டுகளையும் தனித்தனியே எந்த ஆய்வாளர் அளந்தாலும் குறை காணமாட்டார். ஒவ்வொன்றும் முறையான சீட்டே. ஆய்வுகள் சீட்டுகளை எண்ணுகின்றன. நோயாளியோ சீட்டுகளுக்கு இடையே வாழ்கிறார். எந்தப் பழைய மருந்தை நிறுத்த வேண்டும் என்னும் ஒரு வரி புதிய சீட்டில் இருந்திருப்பின் அவ்வைகறை நேர்ந்திராது. எழுதப்பட்டதைக் கணக்கெடுக்கும் ஆய்வுகள், எழுதப்படாத இந்த வரியையும் கணக்கெடுத்தல் நன்று என்பது நம் கருத்து.

நோன்பு நாட்களில்

இவ்விடர் பன்மடங்காகும் காலம் ஒன்று உண்டு. 2001இல் இந்தியா உள்ளிட்ட 13 நாடுகளில், 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகையினருள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமலானில் குறைந்தது 15 நாளேனும் நோன்பிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை அவர்களிடையே ஏழரை மடங்காகப் பெருகியிருந்தது.

சீட்டில் 1–0–1 என்று எழுதியிருக்கும். காலையில் ஒன்று, பகலில் இல்லை, இரவில் ஒன்று என்பது பொருள். ரமலானில் அந்தக் காலையும் இல்லை, இரவும் இல்லை. சஹரும் நோன்பு திறத்தலும்தான் உள்ளன. நம்மவர் பலர் மருத்துவரைக் கேளாமலே காலை மாத்திரையைச் சஹருக்கு மாற்றிக்கொள்கின்றனர். மெட்ஃபார்மின் மட்டுமாயின் பெருந்தீங்கில்லை. சல்ஃபோனைல்யூரியாவின் முழு அளவைச் சஹரில் உட்கொண்டு, பின்னர் 13 மணி நேரம் உண்ணாதிருப்பது கணையத்தைச் சவுக்கால் அடித்து வெறும் வயலில் ஏர் ஓட்டுவது போன்றதாகும். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பும் ரமலான்–நீரிழிவு மருத்துவர் குழுவும் சேர்ந்து 2016இலும் 2021இலும் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரிய அளவை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றி, சஹர் அளவைக் குறைக்கச் சொல்கிறது; கிளிபென்கிளமைடைத் தவிர்த்துக் கிளிக்லசைடோ கிளிமிபிரைடோ எழுதச் சொல்கிறது. கிளிஃப்ளோசின் இனத்தை நோன்பு திறந்தபின் உட்கொண்டு, நீர் மிகுதியாகப் பருக வேண்டும். கூட்டு மாத்திரையின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. உள்ளே இருக்கும் இரண்டில் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. எனவே ரமலானுக்கு ஓரிரு திங்கள் முன்பே மருத்துவரிடம் சென்று சீட்டை மாற்றி எழுதி வாங்குதல் வேண்டும்.

விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்களிடையே பரவலான கருத்து. அளவு 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறது மருத்துவம். நோயாளிக்கு உரிய சலுகையைப் பெரியோர் நன்கறிவர். அக்கார்போஸ் அல்லது வோக்லிபோஸ் உட்கொள்வோர் இன்னொன்றையும் அறிதல் நலம். அவர்களுக்குத் தாழ்சர்க்கரை வந்தால் வீட்டுச் சர்க்கரை விரைந்து பயன் தராது. குளுக்கோஸ் தூளையே கரைத்துக் கொடுக்க வேண்டும்.

மேலே சொன்ன பெரியவர் இப்போது மாத்திரை அட்டைகளைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் வைத்திருக்கிறார். மூடியின் உட்புறத்தில் பேத்தி ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். நம் கல்லூரியில் இளங்கலை முதலாண்டு பயில்பவள். வணிகப்பெயர் எதனையும் அவள் எழுதவில்லை. அட்டையின் சிறு எழுத்துகளைப் பார்த்துப் பொதுப்பெயர்களைத் தமிழில் எழுதி, எதிரே உட்கொள்ளும் வேளையையும், அடியில் கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் எண்ணையும் குறித்திருக்கிறாள். புதிய சீட்டு வந்தால் முதலில் அத்தாளோடு ஒப்பிட்ட பின்னரே, "சரி நன்னா, சாப்பிடுங்கள்" என்கிறாள். அண்மையில் நாம் சென்றபோது அத்தாளைப் படித்தோம். 'கிளி' என்று தொடங்கும் பெயர் அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.